மூன்று தரைத்தளங்கள்

விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டு, முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிய தம்பதி வேறு எங்காவது உண்டா என்று லுவான் சியூஜிக்குத் தெரியாது. அவளும் அவள் கணவன் கெங் பாவ்ஷானும் கிளம்பியிருந்தார்கள். அதுவும் ஜூலை மாதத்தில், சோங்சிங் நகரத்துக்கு. அந்த வெயிலில் உள்ளூர்க்காரர்களே வாசலைத் தாண்ட யோசிப்பார்கள். தலையெழுத்து என்றால் அப்படித்தான்.

எல்லாம் மகள் மாய் செய்த வேலை. கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதி முடித்துவிட்டுத் தோழிகளோடு பத்து ஊர் சுற்றி வந்தவள், இரண்டு முதுகுப் பைகளைத் துவைத்துக் காயவைத்து அப்பா அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊருக்குப் போனதில்லை. ரயில் டிக்கெட் போட்டாச்சு. ரூமும் பார்த்தாச்சு. தினம் ஒரு போட்டோ வரணும். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு, சிரிச்சுக்கிட்டு" என்றாள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தக் குட்டு என்ன பெரிய குட்டு? ஹெபெய் சமவெளியில் இருக்கும் அவர்கள் ஊரில் அதைச் செய்யாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளை தேர்வு எழுதும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே கூரைக்கடியில் இருப்பது, தேர்வு முடிந்ததும் பதிவு அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்பது. மனுவைக் கொடுத்தால் ஒரு மாதம் ஆறப்போடுவார்கள். அதன்பிறகு இருவரும் சேர்ந்து வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் மனு தானாகச் செத்துவிடும். சியூஜியும் பாவ்ஷானும் போக வேண்டிய நாள், ஊருக்குத் திரும்பியதும் வருகிற திங்கட்கிழமை. கல்லூரி திறந்து மாய் விடுதியில் சேர்ந்தபிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

ஆக, தினமும் ஓர் இடத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். யாராவது வழிப்போக்கரிடம் போனைக் கொடுப்பார்கள். படம் எடுத்ததும் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டு ஆளுக்கொரு திசையைப் பார்ப்பார்கள். படத்தைப் பார்த்து மாய் முத்தக்குறிகளாக அனுப்பித் தள்ளுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சியூஜி போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அன்று அறை மாற்ற வேண்டியிருந்தது. மாய் பார்த்து வைத்திருந்த புது அறை, மலைச்சரிவில் சாய்ந்து நிற்கும் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தது. ஆற்றோரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் படிக்கட்டு ஆரம்பித்தது. சியூஜியிடம் சின்னப் பை ஒன்று மட்டும். அதில் அடையாள அட்டைகளும், இரண்டு போன்களும், ஒரு தண்ணீர்ப் புட்டியும். சட்டைப்பையில் வைத்தால் வியர்வையில் ஊறுகிறது என்று பாவ்ஷான் தன் போனையும் அவளிடம் கொடுத்திருந்தான். பெரிய பைகள் இரண்டும் அவனிடம். ஒன்றை முதுகிலும் ஒன்றை மார்பிலும் மாட்டிக்கொண்டு, எழுந்து நிற்கிற ஆமை மாதிரி வந்துகொண்டிருந்தான்.

வேகமும் ஆமை வேகம்தான். பத்துப் படி ஏறுவான், நிற்பான். பையைச் சரிசெய்வான். ஆற்றைத் திரும்பிப் பார்ப்பான். அந்த ஆறு எங்கே ஓடிவிடப்போகிறது? நாலு படி மேலே ஏறிவிட்ட சியூஜியும் வேறு வழியில்லாமல் நிற்க வேண்டியிருந்தது.

எதிரே இறங்கி வந்த ஒருவரை நிறுத்தி, "அண்ணே, பதினேழாம் நம்பர் கட்டடம் வடக்கால போகணுமா, தெற்காலயா?" என்று கேட்டான்.

"வடக்கா? இந்த ஊருல மேலேயும் கீழேயும்தான் தம்பி உண்டு. மேலே போங்க!"

"நன்றிண்ணே. ரொம்ப நன்றி."

சமவெளிக்காரர்களுக்குத் திசை இல்லாமல் பேச வராது. முதுகு சொறியச் சொன்னால்கூட 'இன்னும் கொஞ்சம் கிழக்கே' என்பார்கள். சியூஜியும் அந்த ஊர்க்காரிதான். ஆனால் அன்று அவளைக் குத்தியது வடக்கும் தெற்கும் அல்ல, அந்த நன்றி.

"மாய் அப்பா! உன்னை அங்க ஆணி அடிச்சா வச்சிருக்கு?"

"வர்றேன், வர்றேன். நீயும் கொஞ்சம் நில்லேன்."

"நின்னு நின்னுதானே என் பாதி ஆயுசு போச்சு. நான் போறேன். கட்டடத்துத் தரைத்தள வாசல்ல நிக்கிறேன். நீ ஆடி அசைஞ்சு வந்து சேரு."

"சரி" என்றான். எதற்கும் அதே 'சரி'. விவாகரத்து கேட்டபோதும் அந்தச் 'சரி'தான் வந்தது.

சியூஜி விறுவிறுவென்று ஏறினாள். வலது முட்டி சுருக்கென்றது. பொருட்படுத்தாமல் ஏறினாள். உச்சியில் படிக்கட்டு முடிந்த இடத்தில் ஒரு பெரிய சாலை, பேருந்துகள், ஆலமரங்கள். சாலையோரத்தில் பதினேழாம் நம்பர் கட்டடம். வாசலில் தரைத்தளம் என்று பலகையே தொங்கியது. பக்கத்தில் சர்க்கரைப்பாகு ஊற்றிய குளிர்ந்த ஜெல்லி விற்கும் கடை. கடைக்காரப் பெண் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். சியூஜி உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்ததும் பழைய கணக்கெல்லாம் வரிசைகட்டி வந்தது.

வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்வது அவர்கள் பக்கத்து வழக்கமில்லை. சொன்னால், நீ வெளியாள் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. இது சியூஜிக்கும் தெரியும். இருந்தாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. பாவ்ஷான் பேருந்து ஓட்டுநருக்கு நன்றி சொல்வான், தள்ளுவண்டிக்காரருக்குச் சொல்வான், வழியில் போகிற நாய் ஒதுங்கி நின்றால் அதற்கும் சொல்வான். அவன் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் புரட்டிப் போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டியவள் சியூஜி. கிழவரை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொன்னவன், அவளிடம் வந்ததும், "பந்திக்குப் பாத்திரம் போதுமா?" என்று கேட்டான்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை அவளுக்கும் நன்றி சொன்னான். மனுவைக் கொடுத்துவிட்டுப் பதிவு அலுவலகப் படியில் இறங்கும்போது நின்று, லேசாகத் தலையைக் குனிந்து, "இத்தனை வருஷம் உனக்கு ரொம்பச் சிரமம். நன்றி" என்றான். ஆசைப்பட்டுக் காத்திருந்த வார்த்தைதான். ஆனால் கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்கிற மாதிரி அது வந்து விழுந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. அந்தக் கணத்தில்தான் அவள் உண்மையிலேயே வெளியாள் ஆனாள். அன்றிலிருந்து அவன் யாருக்கு நன்றி சொன்னாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னப் பைக்குள் போன் கிணுகிணுத்தது. மாய் அனுப்பிய குரல் செய்தி: "அம்மா, இன்னைக்குப் போட்டோ எங்கே? அப்பாவை எங்கேயாவது தொலைச்சிட்டியா?" சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

சியூஜி போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள். பேருந்துகள் வந்து போயின. நிழல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்தது. கல்லுளிமங்கன், எந்தப் படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறானோ என்று முதலில் திட்டினாள். பிறகு திட்டு மெல்ல மெல்லப் பயமாக மாறியது. இந்த வெயில். இரண்டு பை. ஐம்பதை நெருங்கும் வயசு. கையில் போனில்லை, அடையாள அட்டை இல்லை. எல்லாவற்றையும் தானே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தங்கச்சி, இதுதானே பதினேழாம் நம்பர் தரைத்தளம்?" என்று கடைக்காரியைக் கேட்டாள்.

"ஆமாக்கா, இதுவும் தரைத்தளம்தான்."

"இதுவும்னா?"

"மேல் ரோட்டுக்கு இது தரைத்தளம். நடுவுல பாலத்துக்கு ஒரு வாசல் இருக்கு, அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு அது தரைத்தளம். ஆத்து ரோட்டுக்குக் கீழே ஒண்ணு. நீங்க எதுல நிக்கச் சொன்னீங்க?"

சியூஜி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஹெபெய் சமவெளியில் ஒரு வீட்டுக்கு ஒரு தரைதான். தரை எங்கே இருக்கிறது என்று அங்கே எவரும் எவரையும் கேட்டதில்லை.

லிஃப்டில் ஏறிக் கீழே போனாள். கீழேயும் ஒரு சாலை, பேருந்துகள், தரைத்தளம் என்று ஒரு பலகை. வாசலில் மிளகாய் எண்ணெய் மணக்க நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் கரண்டியை ஆட்டினார். "முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ஒரு மூட்டை, அந்த வடக்கத்தி ஆளா? தரைத்தளம் கீழேன்னு யாரோ சொல்லி, பாதிப் படியிலேர்ந்து திரும்பி வந்தாராம். இவ்வளவு நேரம் இந்தத் தூண் பக்கத்துல செலை மாதிரி நின்னாரு. உள்ளே வந்து உக்காருங்கன்னேன். வீட்டுக்காரி வருவா, உக்காந்தா கண்ணுல படமாட்டேன்னாரு. இப்பத்தான் படியேறிப் போனாரு."

"படியிலயா? லிஃப்ட் இருக்கே!"

"நானும் அதான் சொன்னேன். ஒவ்வொரு மாடியிலயும் பார்த்துக்கிட்டே போறாராம்."

சியூஜி லிஃப்டில் மேலே ஓடினாள். ஜெல்லிக்காரி இரண்டு கையையும் விரித்தாள். "அடடா, இப்பத்தான்க்கா வந்தாரு. நீங்க கீழே போயிட்டீங்கன்னு சொன்னேன். மறுபடியும் படியிலயே இறங்கிட்டாரு. நீங்க உக்காந்த முக்காலியைத் தொட்டுப் பார்த்துட்டுப் போறாரு, பாவம்."

சியூஜிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் இருந்த இடத்தை விட்டு அசையாத மனுஷன், அசைந்தான் பார் இன்றைக்கு! இந்தத் தடவை அவளும் படியில் இறங்கினாள். முட்டி கெஞ்சியது. நடு மாடியில் கட்டடத்தைத் துளைத்துக்கொண்டு பாலத்துக்குப் போகும் ஓர் அகலமான நடை. காற்று சிலுசிலுவென்று வீசியது. மேசை போட்டு நாலு பெண்கள் மஜோங் கட்டை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பூப்போட்ட பைஜாமாவோடு உட்கார்ந்திருந்த பருத்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏய், நில்லு! வலது கால் முட்டி வலிக்குதா?"

"எப்படித் தெரியும்?"

"கண்டுபிடிச்சாச்சுடி!" என்று அந்த அம்மாள் கட்டையை மேசையில் ஓங்கி அடித்தாள். அவள் பெயர் பெங். அந்த நடையில் அவள் வைத்ததுதான் சட்டம். "உக்காரு. ஒரு அடி நகர்ந்தே, காலை உடைச்சிருவேன். நீ மேலே போக, அவன் கீழே போக, அவன் மேலே வர, நீ கீழே போக. என்ன, புதுசாக் கல்யாணம் ஆனவங்களா? ஓடிப்பிடிச்சு விளையாடுறீங்களா?"

"அக்கா, அவர் இங்கே வந்தாரா?"

"வந்தானாவா? ரெண்டு தடவை வந்துட்டான். வீட்டுக்காரியைக் காணோம்னான். எப்படி இருப்பா, உயரமா குட்டையான்னு கேட்டேன். திருதிருன்னு முழிக்கிறான். என்ன கலர் சட்டைன்னேன், தெரியலை. உருப்படாத பய, பொண்டாட்டி சட்டை கலர் தெரியாதான்னு திட்டினேன். அப்புறம் சொன்னான்."

"என்ன சொன்னார்?"

"கோவமா இருப்பான்னான்." மேசையே சிரித்தது. பெங் சிரிக்கவில்லை. "வலது முட்டியை லேசாத் தாங்கித் தாங்கி நடப்பான்னான். எங்கப்பாவைத் தூக்கித் தூக்கிப் போனது அந்த முட்டிங்கிறான். படி ஏறினா வலிக்கும், ஆனா உசுரே போனாலும் சொல்லமாட்டாளாம். உக்காருன்னு சொன்னா இன்னும் வேகமா ஏறுவாளாம். அதனால இவன் வேணும்னே மெதுவா வருவானாம். இவன் நின்னா, திட்டுறதுக்காகவாவது அவளும் நிப்பா, முட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்னான். இன்னைக்குத் திட்டு பத்தாம ஓடிப்போயிட்டா, படியெல்லாம் தனியா ஏறியிருப்பான்னு சொல்லி, இந்த நாற்காலி இருக்கே, இதுல முகத்தைத் துடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தான்."

சியூஜி முட்டியைக் கையால் பொத்திக்கொண்டாள். பத்துப் படி, நிற்பது. பையைச் சரிசெய்வது. ஆற்றைப் பார்ப்பது. இந்த ஊரில் மட்டுமா? சந்தைக்குப் போகும் வழியில் அறுந்துபோன செருப்பு வாரைத் தைக்கிறேன் பேர்வழி என்று அவன் உட்கார்ந்ததும், மருத்துவமனைப் படியில் சுவரொட்டியைப் படிக்க நின்றதும் ஞாபகம் வந்தன. அத்தனைக்கும் அவள் கத்தியிருக்கிறாள். அத்தனை தடவையும் அவள் முட்டி ஓய்ந்திருக்கிறது. இந்த மனுஷனுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன் என்று நினைத்தாள். நினைத்தவுடன் தூக்கிவாரிப் போட்டது. தனக்கும் அந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாது.

"ஒண்ணு மட்டும் அவன்கிட்ட எனக்குப் பிடிக்கலை. தண்ணி குடுத்தா நன்றி, விசிறியைத் திருப்பிவிட்டா நன்றி. காது புளிச்சுப்போச்சு. வீட்டுலயும் இப்படித்தானா?" என்றாள் பெங்.

"வீட்டுல சொல்லமாட்டார்" என்றாள் சியூஜி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படிக்கட்டுப் பக்கம் மூச்சிரைப்புக் கேட்டது. முதலில் மார்புப் பை வந்தது, பின்னால் பாவ்ஷான் வந்தான். சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதில் ஜெல்லி முழுக்க உருகிச் சர்க்கரைத் தண்ணீராகிவிட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றான். முகத்தில் ஒரு சுற்று வெளிச்சம் கூடியது. ஆனால் நேராக அவளிடம் வரவில்லை. முதலில் பெங்கிடம் போய்க் குனிந்தான்.

"நன்றிக்கா."

"போடா!"

அடுத்தவளுக்கு நன்றி. அதற்கடுத்தவளுக்கு. கடைசியில் உட்கார்ந்திருந்தவள் காது கேளாதவள், அவளுக்கு இரண்டு தடவை. அப்புறம் சியூஜியின் முன்னால் வந்து நின்றான். அவள் தன் பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினாள். மடமடவென்று குடித்தான். புட்டியை வாயிலிருந்து எடுத்தான். உதடு அசைந்தது.

சொல்லிவிடப் போகிறான் என்று சியூஜிக்குத் தோன்றியது. எல்லாருக்கும் சொன்ன வாயோடு எனக்கும் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. திங்கட்கிழமை போக வேண்டியதுதான். சொல்லாதே, தயவுசெய்து சொல்லாதே என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூடி எங்கே?" என்றான் பாவ்ஷான்.

சியூஜி கண்ணைத் திறந்தாள். மூடி அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. அவன் அதை வாங்கித் திருகி, புட்டியை அவள் பையில் செருகினான். கிண்ணத்தை அவள் கையில் வைத்தான். "குடி. உருகிப்போச்சு, ஆனா இனிப்பாத்தான் இருக்கு." அவ்வளவுதான். சியூஜி அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் கண்ணீரும் மூக்கொழுகலுமாகக் குடித்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

"நீ எதுக்குய்யா நகர்ந்தே? தொலைஞ்சா இருந்த இடத்துலயே நிக்கணும்னு மாய்க்கு நீதானே சொல்லிக் குடுத்தே?"

"நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் யோசிச்சேன், நீயும் எங்கேயோ இதே மாதிரி நின்னுக்கிட்டிருப்பியேன்னு. ரெண்டு பேரும் நின்னா யாரு வர்றது?"

மாய்க்குப் போட்டோ எடுக்க சியூஜி வெளியே எடுத்த போனைப் பெங் பிடுங்கிக்கொண்டாள். "இப்படி ஒட்டி நில்லுங்க. ஏய் ஆமை, பையைக் கழட்டு. கழட்டமாட்டியா? சரி, அப்படியே நில்லு." படம் வந்தது. சியூஜிக்கு மூக்கெல்லாம் சிவந்திருந்தது, பாவ்ஷானின் கண் பாதி மூடியிருந்தது. இருவரும் சிரிக்கவில்லை. மாய்க்கு அனுப்பியதும் உடனே பதில் வந்தது: "இத்தனை நாள்ல இதுதான் நல்ல போட்டோ!"

கிளம்பும்போது சியூஜி பெங்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நன்றிக்கா" என்றாள். மனசார வந்தது. பெங்குக்கு, ஜெல்லிக்காரிக்கு, தூணோரம் அவனுக்கு நிழல் கொடுத்த நூடுல்ஸ்காரருக்கு, ஒரு கட்டடத்துக்கு மூன்று தரை வைத்துக் கட்டிய அந்தப் புண்ணியவானுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"நீயுமா?" என்று பெங் தலையில் அடித்துக்கொண்டு கட்டைகளைக் கலைத்தாள்.

அறை இரண்டு மாடி மேலே. லிஃப்ட்டுக்குக் கூட்டம் நின்றதால் படியிலேயே போனார்கள். பாவ்ஷான் பத்துப் படி ஏறி நின்று பையைச் சரிசெய்தான். சியூஜியும் நின்றாள். திட்டவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அவன் பார்த்த ஆற்றை அவளும் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"மாய் அம்மா."

"ம்."

"வர்ற திங்கக்கிழமை என்னால வர முடியாதுன்னு நினைக்கிறேன். வேலை இருக்கு."

பாவ்ஷானுக்கு வேலை, குளிர்காலத்தில் ஊர் வீடுகளுக்குச் சூடு அனுப்பும் கொதிகலன்களைப் பழுதுபார்ப்பது.

"நடுக் கோடையில கொதிகலனுக்கு என்னய்யா வேலை?"

"தேடினாக் கிடைக்கும்."

சியூஜி இரண்டு படி ஏறினாள். நின்று, அவனுக்காகக் காத்திருந்தாள்.

"தேடு. கிடைக்கலைன்னா சொல்லு, நானே வந்து ஒண்ணை உடைச்சு வைக்கிறேன்."